நாம் வந்துபோனதை வரைபடம் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கலாம்?

எங்கள் செயலியில் ஒரு பிழை இருந்தது. ஒரே இடத்தில் ஒருவர் இரண்டாம் முறை ‘செக்-இன்’ செய்தால் ஒரு புள்ளிக்குப் பதில் நான்கு புள்ளிகள் ஏறின. காரணத்தைத் தேடி ஓர் இரவு தரவுத்தளத்தைத் திறந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பெயர்கள் கிடையாது. பயனாளர் எண், இடத்தின் எண், தேதி, நேரம், அவ்வளவுதான்.

பிழை பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் 41ஆம் எண் பயனாளரிடமிருந்து என் கண் நகரவில்லை. செவ்வாய், வியாழன் இரவு 7.10 மணி வாக்கில் ஓர் உணவங்காடி நிலையம். சனிக்கிழமை காலை 9.40க்கு ஒரு சமூக மன்றம். ஞாயிறு மாலை ஒரு கோயில். மூன்று வாரங்களாக அதே நாள்கள், ஏறக்குறைய அதே நேரம். அந்த உணவங்காடிக்கு எதிர் புளோக்கில் துணைப்பாட நிலையம் இருப்பது எனக்குத் தெரியும். அந்தச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலை பரதநாட்டிய வகுப்பு நடப்பதும் தெரியும். 41 யார் என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. நாங்கள் நடத்திய மரபுடைமை நடைக்கு வந்திருந்த மாணவி, உயர்நிலை இரண்டில் படிப்பவர்.

நான் என்ன செய்தேன்? புள்ளிக் கணக்கைத் திருத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவன். தமிழ் இளையர் குழு ஒன்றுக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வரைபடச் செயலியைச் செய்தோம். லிட்டில் இந்தியாவில் எட்டு இடங்கள். இந்திய மரபுடைமை நிலையம், தேக்கா நிலையம், ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல், பல வண்ணங்களில் நிற்கும் டான் டெங் நியா வீடு எனப் போகும் பட்டியல். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் நடந்து சென்று ஒவ்வோர் இடத்திலும் திரையைத் தட்டி வருகையைப் பதிவுசெய்வார்கள். உடனே அந்த இடத்தின் கதை திறக்கும். நடை நன்றாகவே நடந்தது. ஒரு நாள் நிகழ்ச்சியோடு செயலி செத்துவிடக் கூடாது என்ற ஆசையில் தீவு முழுவதும் எந்த இடத்திலும் பதிவுசெய்யலாம் என்று திறந்துவிட்டோம். ஓர் இடத்திற்கு 60 நாள்களில் அதிக முறை வந்தவருக்கு ‘இடத் தலைவர்’ பட்டம். பட்டத்தின் கீழே புனைபெயர், படம், கடைசியாக வந்த நேரம். எல்லாருக்கும் தெரியும்படி.

நான் பிழையைத் திருத்திய பத்தாவது நாள், அந்த மாணவி உணவங்காடி அருகே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். அறிமுகமில்லாத ஓர் இளையர் வந்து, “நீதானே இந்த இடத்துத் தலைவர்? செவ்வாய்க்கிழமை வருவேன்னு தெரியும், அதான் வெயிட் பண்ணேன்” என்று சிரித்திருக்கிறார். அவரும் எங்கள் பயனாளர்தான், தொடக்கக்கல்லூரி மாணவர். பட்டத்தைப் பிடிக்க நினைத்தவர், இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் பேருந்து வரும்வரை காத்திருக்காமல் திரும்பித் துணைப்பாட நிலையத்திற்கே ஓடிப்போய், அம்மாவை வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் தொலைபேசியில் பேசினார். திட்டவில்லை. “தம்பி, என் பொண்ணு எத்தனை மணிக்கு எங்க இருப்பான்னு எங்க வீட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும். இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று கேட்டார். சரியான பதில், 212. அன்றைக்கு எங்கள் செயலியில் இருந்த கணக்குகளின் எண்ணிக்கை அதுதான். நான் அதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகுதான், செய்து முடித்த வேலையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

‘இடத் தலைவர்’ எங்கள் கற்பனை இல்லை. 2009 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ஸ்குவேர் செயலியில் ‘மேயர்’ பட்டம் இருந்தது, அதே 60 நாள் கணக்குடன். அதை நிறுவிய இருவர் டென்னிஸ் குரோவ்லி, நவீன் செல்வதுரை. (இரண்டாவது பெயரைப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒரு சிறு ஆரவாரம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன்.) காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் ‘இங்கே இருக்கிறேன்’ என்று நண்பர்களுக்குச் சொல்வதே அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே ஃபேஸ்புக்கும் அந்த வசதியைக் கொண்டுவந்தது. அதே 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தைச் சேர்ந்த மூவர், ‘தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இணையத்தளம் தொடங்கினார்கள். மக்கள் தாங்களாகவே டுவிட்டரில் பொதுவில் போட்ட ‘செக்-இன்’களைத் திரட்டி, ‘இவர் இப்போது வீட்டில் இல்லை’ என்று வரிசைப்படுத்தியது, அவ்வளவுதான். எதையும் ஊடுருவவில்லை. கடைக்கு வந்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னால், வீட்டில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறீர்கள்.

2014ல் ஃபோர்ஸ்குவேர் ‘செக்-இன்’ வசதியைப் பிரித்து ஸ்வார்ம் என்ற தனிச் செயலிக்கு மாற்றியது. 2024 டிசம்பரில் பழைய ஃபோர்ஸ்குவேர் செயலியே மூடப்பட்டது. நிறுவனம் மூடப்படவில்லை, இடங்களைப் பற்றிய தரவு அதன் தொழிலாகிவிட்டது. பட்டத்துக்காக விரல் நோகத் தட்டியவர்கள் சேர்த்துக் கொடுத்தது எது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

இனி, நிரல் எழுதும் பக்கம் கொஞ்சம் வாருங்கள். ஒருவர் ஓர் இடத்தில் இருக்கிறாரா என்று சோதிப்பது பார்வைக்கு எளிது. திறன்பேசி தன் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லும். இடத்தின் புள்ளியிலிருந்து தூரம் கணக்கிட்டால் முடிந்தது. திறந்த வானத்தின்கீழ் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் துல்லியம் தரும். ஆனால் உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவே துணைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். தேக்கா நிலையத்தில் இன்னொரு தொல்லை. கீழே உணவுக்கடை, மேல்மாடியில் துணிக்கடை. வரைபடத்துக்கு இரண்டும் ஒரே புள்ளி. ஆண்ட்ராய்டு வழிகாட்டியோ இடத்தைச் சுற்றி வேலி போட்டால் 100 முதல் 150 மீட்டர் ஆரமாவது வையுங்கள் என்கிறது. அப்படி வைத்தால் கேம்பல் லேனில் மரபுடைமை நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர், நகராமலேயே மூன்று இடங்களில் பதிவுசெய்துவிடலாம். இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினோம். ஆரத்தைக் கூட்டினால் ஏமாற்றலாம், குறைத்தால் உண்மையாக வந்தவருக்கே ‘நீங்கள் இங்கே இல்லை’ என்று செயலி சொல்லும்.

அந்த இரண்டு வாரத்தில், துல்லியம் போதவில்லை என்ற கவலை மட்டுமே எங்களுக்கு இருந்தது. அது அதிகமாக இருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை.

பதிவு ஒவ்வொன்றோடும் ஐந்து தசம இடங்கள் கொண்ட அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சர்வருக்கு அனுப்பி, வேறொரு அட்டவணையில் சேமித்துவைத்தோம். ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆக, மூன்று தசம இடம் என்றால் சுமார் 110 மீட்டர். ஐந்து என்றால் சுமார் ஒரு மீட்டர். புளோக்கின் எந்தத் தூணருகே நின்றார் என்று சொல்லக்கூடிய துல்லியம். ஏன் சேமித்தோம்? “பின்னால் தேவைப்படலாம்” என்று நான்தான் சொன்னேன். உண்மையில் எங்களுக்கு வேண்டியது ‘ஏழாம் எண் இடம், ஆம்’ என்ற ஒரு விடை. அந்தக் கணக்கைத் திறன்பேசியே போட்டுவிடும். புள்ளி அதைவிட்டு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை.

எண்ணை மங்கலாக்கிச் சேமித்தால் போதாதா என்று தோழி ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் அது கொஞ்சம் சிக்கல். 1995 முதல் இங்கே அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. நில ஆணையத்தின் ஒன்மேப் வரைபடத்தில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால் கட்டடமே வந்து நிற்கும். பெரிய நாட்டில் அஞ்சல் குறியீடு ஒரு பட்டணத்தைக் குறிக்கலாம். நம் ஊரில் அது ஒரு புளோக், தரைவீடு என்றால் ஒரு குடும்பம்.

பெயரை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் 41ஆம் எண் உடைத்துவிட்டது. இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயமில்லை. 2013ல் இவ்-அலெக்சாண்டர் ட மான்ஜொய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 15 இலட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை 15 மாத காலத்துக்கு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், 95 விழுக்காட்டினரை மற்ற எல்லாரிடமிருந்தும் பிரித்து அடையாளம் காணலாம் என்பது முடிவு. அவர்களிடம் இருந்தது கைப்பேசிக் கோபுரம் அளவிலான இடமும் மணி அளவிலான நேரமும்தான். எங்களிடம் நிமிடமும் மீட்டரும் இருந்தன. துணைப்பாட வகுப்பு, நடன வகுப்பு, கோயில். மூன்றே போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் நம் நாடு ஏற்கெனவே ஒரு முறை பெரிய அளவில் பேசி முடித்திருக்கிறது. 2020ல் நான் உயர்நிலை இரண்டில் இருந்தேன். கடைத்தொகுதி வாசலில் கியூஆர் குறியீட்டை வருடிவிட்டு உள்ளே போவது மூச்சுவிடுவது போலாகிவிட்டது. உலகத்திலேயே ‘செக்-இன்’ வசதியை அதிகம் தட்டிய விரல்கள் நம் தலைமுறையின் விரல்களாகத்தான் இருக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஆண்டு மே 12 முதல் பெரும்பாலான இடங்களில் சேஃப்என்ட்ரி கட்டாயமானது. டிரேஸ்டுகெதர் வேறு, அது நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கவில்லை, புளூடூத் வழியாக யார் அருகே இருந்தோம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டது. சேஃப்என்ட்ரி இடத்தையும் நேரத்தையும் குறித்தது. இரண்டுக்கும் 25 நாள் கெடு இருந்தது. தேவையில்லாத பதிவு அதன் பிறகு தானாக அழிந்துவிடும். இந்த 25 நாள் என்ற முடிவை நான் இப்போது பெரிய மரியாதையுடன் பார்க்கிறேன். நெருக்கடிக்கு நடுவில் எழுதப்பட்ட நிரலில், மறப்பதற்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். சாவகாசமாக எழுதிய எங்களுக்கு அது தோன்றவில்லை.

ஆனால் கெடு மட்டும் போதாது என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. தொற்றின் தடம் அறிய மட்டுமே டிரேஸ்டுகெதர் தரவு பயன்படும் என்று 2020ல் மக்களிடம் சொல்லப்பட்டது. 2021 ஜனவரி 4ஆம் தேதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெறமுடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்னர் அந்த வாக்குறுதியைத் தந்தபோது அந்தச் சட்டம் தம் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் தேதி புதிய சட்டம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம். தவறாகப் பயன்படுத்தினால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2023ல் திட்டம் முடிவுக்கு வந்தபோது, ஒரு கொலை வழக்குக்குத் தேவையானதைத் தவிர மற்ற தரவு அழிக்கப்பட்டது. கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தோம். என் பாட்டி தன்னுடையதைக் கொடுக்க மறுத்து, சாவிக்கொத்தில் இன்னும் மாட்டிவைத்திருக்கிறார்.

அந்த ஜனவரியில் யாரும் பொய் சொல்லத் திட்டமிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. சேமிக்கப்பட்ட எந்தத் தரவுக்கும், சேமித்தவர் நினைக்காத ஒரு கேள்வி வெளியிலிருந்து வரும். காவல்துறையிடமிருந்து வரலாம், நிறுவனத்தை வாங்குபவரிடமிருந்து வரலாம், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவரிடமிருந்தும் வரலாம். ‘இதற்கு மட்டும்தான்’ என்று சொல்பவரால் அதை எப்போதும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற ஒரே உறுதியான வழி, அந்தத் தரவு கையில் இல்லாமல் இருப்பது.

கூகலின் போக்கும் அதைத்தான் காட்டுகிறது. நாம் சென்ற இடங்களைக் காட்டும் ‘டைம்லைன்’ தரவை இனித் தன் சர்வரில் வைக்காமல் பயனாளரின் திறன்பேசியிலேயே வைக்கப்போவதாக 2023 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. புதிதாக அதை இயக்குபவர்களுக்கு மூன்று மாதத்தில் தானாக அழியும்படி அமைப்பும் மாறியது. அமெரிக்கக் காவல்துறையினர், ‘இந்த நேரத்தில் இந்த இடத்தைச் சுற்றி இருந்த எல்லாருடைய விவரமும் வேண்டும்’ என்று கூகலிடம் ஆணையோடு வந்துகொண்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாததை எந்த ஆணையாலும் வாங்க முடியாது.

எதிர்த்திசையிலும் காற்று அடிக்கிறது. ஸ்னாப்சேட் 2017லேயே நண்பர்களை வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட்டில் இன்ஸ்டகிராமும் அமெரிக்காவில் வரைபடத்தைக் கொண்டுவந்தது. நாமாக இயக்கினால்தான் அது நம் இடத்தைப் பகிரும் என்று நிறுவனம் விளக்கியும் பயனாளர்கள் பதறினார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் இருப்பிடத்தை யாரோ ஒருவருடன் நாள் முழுவதும் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காதலர், அம்மா, ஐந்து பேர் கொண்ட நட்பு வட்டம். ‘பகிர்வதை நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்துவது அவர்களுக்குள் ஒரு சண்டையைத் தொடங்குவதற்குச் சமம்.

அதோடு ஒப்பிட்டால் ‘செக்-இன்’ நேர்மையான வசதி என்றே இன்னமும் நினைக்கிறேன். நான் தட்டினால் மட்டுமே அது பேசும். ஆனால் பட்டத்துக்காகவும் புள்ளிக்காகவும் வாரம் நான்கு முறை தட்டவைத்தால், அது தொடர்ந்து கண்காணிப்பதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? அந்த மாணவி எங்களுக்கு அனுமதி கொடுத்தார், உண்மைதான். ‘இடத்தைப் பயன்படுத்த அனுமதிக்கவும்’ என்ற கட்டத்தில் தட்டினார். மூன்று வாரப் பதிவுகள் சேர்ந்தால் தன் வார அட்டவணையாகிவிடும் என்பதற்கு அனுமதி கேட்கும் கட்டம் எதுவும் எங்கள் செயலியில் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை வைத்திருக்கக் கூடாது என்று நிறுவனங்களிடம் சொல்கிறது. எங்கள் நோக்கம் லிட்டில் இந்தியாவில் ஒரு சனிக்கிழமை மதியத்தோடு முடிந்திருந்தது.

இப்போது செயலி வேறு மாதிரி இருக்கிறது. தூரத்தைத் திறன்பேசியே கணக்கிடுகிறது. சர்வருக்கு இடத்தின் எண்ணும் தேதியும் மட்டும் போகின்றன, மணி போவதில்லை. ஏழு நாளில் பயனாளர் எண் அழிந்து, ‘இந்த இடத்துக்கு இத்தனை பேர்’ என்ற கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சும். தலைவர் பட்டம் இல்லை.

கூட்டமும் இல்லை. 212 பேரில் இப்போது அறுபது சொச்சம் பேர்தான் செயலியைத் திறக்கிறார்கள். சர்வரைக் கவனிக்கும் நண்பன் இதைத் தினமும் எனக்கு நினைவூட்டுகிறான். போட்டி இல்லாவிட்டால் யார் வருவார்கள், நண்பர்களுக்குள் மட்டும் பட்டத்தைக் காட்டினால் என்ன என்று கேட்கிறான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. மாணவர்களை ஈர்த்தது கதைகளைவிடப் பட்டம்தான் என்பதை நானே பார்த்தேன். பேருந்து நிறுத்தத்திற்கு வந்தவரையும் அந்த மாணவி நண்பராக ஏற்றிருக்கக்கூடும் என்று நான் பதில் சொல்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

போன வாரம், 41ஆம் எண்ணின் பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிட்டனவா என்று சரிபார்த்தேன். தரவுத்தளத்தில் இல்லை. ஆனால் சர்வர் தானாக எடுத்துவைக்கும் காப்பு நகலில் அப்படியே இருந்தன. செவ்வாய், வியாழன், இரவு 7.10. நகல் எடுக்கப்படுவதே எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். நகல் இருந்ததையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.